தாடை ஆபரேஷனுக்குப் பின் வாந்தி: தடுக்கும் வேலை முந்தைய நாளே தொடங்கட்டும்

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். வெளியே காத்திருந்தவர்கள் சாமிக்கு நன்றி சொல்கிறார்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் வார்டிலிருந்து அலறல் கேட்கிறது. முகம் வீங்கி, மூக்கடைத்து, வாயை ரப்பரால் இழுத்துக் கட்டியிருக்கும் பிள்ளை குமட்டிக் குமட்டி வாந்தி எடுக்கிறது. வெளியே வருவதோ கருஞ்சிவப்பு ரத்தம். பெற்றவளின் உயிர் தொண்டைக்கு வந்துவிடுகிறது. தாடை அறுவை சிகிச்சை நடக்கும் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிதான் இது. பலரும் இதை ஆபரேஷனோடு ஒட்டி வரும் தலைவிதி என்று சகித்துக்கொள்கிறார்கள். சகிக்க வேண்டியதில்லை. பெரும்பகுதியைத் தடுக்க முடியும். ஆனால், தடுக்கும் வேலை வாந்தி வந்த பிறகு தொடங்குவதல்ல. ஆபரேஷனுக்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும்.

வாந்தி என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு, 1999-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு எதெல்லாம் வரக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்று நோயாளிகளிடம் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதலிடத்தில் வந்தது வாந்தி. வலி அதற்குப் பின்னால்தான் வந்தது. நோயாளி எதற்கு அதிகம் அஞ்சுகிறாரோ, அதற்குத்தான் வார்டில் குறைந்த கவனம் கிடைக்கிறது.

பிள்ளைச்சாவடிக்கும் தாடைக்கும் என்ன தொடர்பு?

எடுத்துக்காட்டாக ஓர் ஊரைப் பார்ப்போம். புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே கோட்டக்குப்பத்தையும் பொம்மையார்பாளையத்தையும் தாண்டினால் பிள்ளைச்சாவடி. ஒரு பக்கம் கரையை அரித்து வீடுகளைப் பதம் பார்க்கும் வங்கக் கடல். ஊரை ஒட்டிச் சென்னைக்கு ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை. மீனவக் குடும்பங்கள் ஒருபுறம், முன்பு புதுச்சேரி பொறியியல் கல்லூரியாக இருந்து இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகியிருக்கும் வளாகத்தின் மாணவர்கள் மறுபுறம். அடுத்து காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். இளைஞர்களும் இரு சக்கர வாகனங்களும் நிறைந்த பகுதி.

தாடை ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் இந்த வயதினர்தான். ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தாடை எலும்பு முறிந்தவர்கள் ஒரு வகை. கீழ்த்தாடை உள்வாங்கியோ முன்னால் துருத்தியோ, மேல்தாடை நீண்டோ இருப்பதால் கடிக்கவும் மெல்லவும் சிரமப்படுபவர்கள் இன்னொரு வகை. எத்துப்பல்லுக்குக் கம்பி போட்டும் சரியாகாமல், எலும்பையே நகர்த்த வேண்டியவர்களும் இவர்களில் உண்டு. உதடும் அண்ணமும் பிளந்து பிறந்து, சிறு வயதிலேயே தையல் போட்டுக்கொண்டவர்களுக்கு வளர்ச்சி நின்ற பிறகு, பதினேழு பதினெட்டு வயதில் மேல்தாடையை முன்னால் கொண்டுவரும் ஆபரேஷன் தேவைப்படுகிறது.

இதற்கெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் வெகு தூரம் அலைய வேண்டியதில்லை. புதுச்சேரியின் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. 1964-ல் ஜிப்மர் ஆனது. அதே கோரிமேட்டில் மகாத்மா காந்தி பெயரிலான அரசு பல் மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. காலாப்பட்டிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று செயல்படுகிறது.

பிரெஞ்சுக்காரர்களின் தடம் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் உண்டு. மேல்தாடையை மண்டையோட்டிலிருந்து பிரித்து நகர்த்தும் ஆபரேஷனை உலகம் முழுவதும் ‘லெ ஃபோர்’ என்றுதான் அழைக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1901-ல், ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இறந்தவர்களின் மண்டையோடுகளைச் சோதித்து, முகம் அடிபட்டால் எந்தக் கோடுகளில் உடைகிறது என்று கண்டு சொன்னார். விபத்து உடைக்கும் அந்தக் கோட்டிலேயே இன்று மருத்துவர்கள் திட்டமிட்டு வெட்டுகிறார்கள்.

தாடையில் மட்டும் ஏன் இத்தனை வாந்தி?

எந்த ஆபரேஷனாக இருந்தாலும், தடுப்பு மருந்து தராவிட்டால், 100 பேரில் சுமார் 30 பேருக்கு வாந்தி வரும். தாடை ஆபரேஷனுக்குப் பின் குமட்டலோ வாந்தியோ 100-ல் 40 பேருக்கும் அதற்கு மேலும் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பல காரணங்கள் ஒரே நேரத்தில் கைகோப்பதுதான் இங்கே சிக்கல்.

முதல் காரணம், விழுங்கிய ரத்தம். மேல்தாடை ரத்தக்குழாய்கள் நிறைந்த இடம். வெட்டும்போது கசியும் ரத்தம் மூக்கின் பின்புறமாகத் தொண்டையில் இறங்கி வயிற்றில் சேர்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகும் கசிவு உடனே நிற்பதில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் நோயாளி தன்னையறியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கிறார். ரத்தத்தை வயிறு ஏற்றுக்கொள்வதில்லை. சேர்ந்த ரத்தம் இரைப்பைச் சுவரை எரிச்சலூட்டி, வெளியே தள்ளச் சொல்கிறது.

இரண்டாவது, மயக்க வாயு. மூளையின் அடிப்பகுதியில் ரத்தத்தில் கலந்துவரும் நச்சுப் பொருள்களை மோப்பம் பிடிக்கும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. முகர்ந்து மயங்கும் வாயுக்களும், வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளும் அதை உசுப்பிவிடுகின்றன. தாடை ஆபரேஷன் பல மணி நேரம் நீளும். வாயு உடலில் இருக்கும் நேரமும் அத்தனை நீளம்.

மூன்றாவது, வெறும் வயிறும் வறண்ட உடலும். இரவு பத்து மணிக்கு நிறுத்திய சாப்பாடு, மறுநாள் மதியம் தியேட்டருக்குப் போகும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை என்றால், உடல் ஏற்கெனவே தளர்ந்துவிடுகிறது. நீர்ச்சத்துக் குறைவு குமட்டலை வளர்க்கும்.

நான்காவது, அசைவு. மயக்க மருந்தின் தொடக்க காலத்திலேயே, 1848-ல், லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ இதைக் கவனித்து எழுதினார்: மயக்கம் தெளிந்தவரைச் சீக்கிரமே அசைத்தால் வாந்தி வருகிறது என்றார். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து எக்ஸ்ரேக்கு என்று தலையை ஆட்டி ஆட்டி இடம் மாற்றினால், காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி அதற்குத் தக்க பதிலைத் தரும்.

யாருக்கு வரும் என்று முன்பே தெரியும்

நம்மில் பலரும் அறியாத நல்ல செய்தி இது. 1999-ல் கிறிஸ்டியன் அப்ஃபெல் என்ற மயக்கவியல் மருத்துவர், ஜெர்மனியிலும் பின்லாந்திலும் 2,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து, நான்கே கேள்விகளில் அடங்கும் ஒரு மதிப்பெண் முறையைத் தந்தார். நோயாளி பெண்ணா? புகை பிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி எடுத்ததுண்டா, அல்லது பயணத்தில் குமட்டல் வருமா? ஆபரேஷனுக்குப் பின் மார்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுமா? ஒவ்வோர் ‘ஆம்’ என்ற பதிலுக்கும் ஒரு மதிப்பெண். எதுவும் இல்லையென்றால் 100-க்கு 10 பேருக்கு வாந்தியோ குமட்டலோ வரலாம். ஒன்று என்றால் 20, இரண்டு என்றால் 40, மூன்று என்றால் 60, நான்கும் இருந்தால் 80.

இப்போது தாடையைச் சரிசெய்ய வரும் இருபது வயதுக் கல்லூரி மாணவியை நினைத்துப் பாருங்கள். பெண், ஒன்று. புகைப்பதில்லை, இரண்டு. வலிமருந்து தேவைப்படும், மூன்று. பஸ்ஸில் போனால் குமட்டும் என்றால் நான்கு. அவர் தியேட்டருக்குள் நுழையும் முன்பே வாந்தியோ குமட்டலோ வரும் வாய்ப்பு 60-லிருந்து 80 சதவீதம். ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெருவாரியான தாடை நோயாளிகள் இந்தக் கட்டத்துக்குள் பொருந்துகிறவர்கள்தான்.

ஆனால் “உனக்கு பஸ் ஒத்துக்குமா?” என்று ஆபரேஷனுக்கு முன் எத்தனை பேரிடம் கேட்கிறார்கள்? படகில் ஏறியும் அசராத மீனவ இளைஞருக்கும், திண்டிவனம் போவதற்குள் மூன்று முறை ஜன்னலோரம் தலை நீட்டும் பெண்ணுக்கும் ஒரே ஊசி போதாது. கேட்கவில்லை என்றாலும், நாமே சொல்லிவிட வேண்டும். (புகைப்பவருக்கு வாந்தி குறைவு என்பதற்காக யாரும் சிகரெட்டைத் தொட வேண்டாம். வெட்டிய எலும்பு கூடுவதற்கும் காயம் ஆறுவதற்கும் புகை பெரிய எதிரி.)

ஓர் ஊசி போதாது, கூட்டணி தேவை

வாந்தியைத் தூண்டும் பாதைகள் பல என்பதால், ஒரு பாதையை மட்டும் அடைத்துப் பயனில்லை. 2004-ல் வெளியான, 5,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஆன்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், ட்ரோபெரிடால் ஆகிய மூன்று மருந்துகளில் ஒவ்வொன்றும் வாந்தி வாய்ப்பைச் சுமார் கால் பங்கு குறைத்தன. ஒன்றோடு ஒன்று சேரும்போது பலனும் சேர்ந்தது. 100-ல் 60 பேருக்கு வரக்கூடிய வாந்தி, முதல் மருந்தில் ஏறத்தாழ 44 ஆகும், இரண்டாவதில் 33, மூன்றாவதில் 24. வாயுவுக்குப் பதிலாக புரோபோஃபால் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியே செலுத்தி மயக்கத்தைத் தொடர்ந்தால் இன்னும் குறையும்.

2020-ல் வெளியான பன்னாட்டு மயக்கவியல் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: ஒன்றிரண்டு ஆபத்துக் காரணிகள் இருந்தால் இரண்டு வகைத் தடுப்பு, அதற்கு மேல் இருந்தால் மூன்று அல்லது நான்கு வகை.

தாடைக்கென்றே நடந்த சோதனையும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மேல்தாடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு முழுத் திட்டத்தை வகுத்தார்கள். வாயு இல்லாமல் ரத்தக்குழாய் வழி மயக்கம், ஒன்றுக்கு மேற்பட்ட வாந்தித் தடுப்பு மருந்துகள், ஸ்டீராய்டு, வயிற்றைச் சீக்கிரம் காலியாக்கும் எரித்ரோமைசின், ஆபரேஷன் முடியும்போது இரைப்பையில் குழாய்விட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுத்தல், மார்ஃபினையும் கோடீனையும் தவிர்த்தல், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 25 மில்லி சலைன். ஐம்பது கிலோ இருப்பவருக்கு இது ஒன்றேகால் லிட்டர். 2015-ல் வெளியான முடிவு வியக்க வைத்தது. பழைய முறையில் 100-ல் 70 பேருக்கு வந்த குமட்டல் 24 ஆகக் குறைந்தது. வாந்தி 28-லிருந்து 11-க்கு இறங்கியது.

இதில் நம் ஊரில் கிடைக்காத மந்திரம் எதுவும் பெரிதாக இல்லை. ஆன்டன்செட்ரானும் டெக்ஸாமெத்தசோனும் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை, விலை மலிவானவை. டெக்ஸாமெத்தசோனை முக வீக்கம் குறையவும் தருகிறார்கள். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் அதைப் போட்டால் வாந்திக்கும் காவல். ஆன்டன்செட்ரானை ஆபரேஷன் முடியும் தறுவாயில் தர வேண்டும். புரோபோஃபால் பெரும்பாலான தியேட்டர்களில் இருப்பதுதான். தேவை, ஒழுங்கும் திட்டமும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆன்டன்செட்ரான் போட்ட பிறகும் வாந்தி வந்தால், ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி அதையே போடுவதால் பலன் இல்லை. வேறு பாதையை அடைக்கும் வேறு வகை மருந்துதான் தேவை. சர்க்கரை நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆன்டன்செட்ரான் கவனத்துடன் தரப்பட வேண்டும். அதனால் மருந்தை முடிவு செய்வது மயக்கவியல் மருத்துவரின் வேலை. நமது வேலை, அவருக்கு எல்லாத் தகவலையும் தருவது.

ரத்தம் குறைந்தால் வாந்தியும் குறையும்

வயிற்றில் ரத்தம் சேராமல் இருக்க, முதலில் ரத்தப்போக்கே குறைய வேண்டும். மயக்கவியல் மருத்துவர் ரத்த அழுத்தத்தைக் கவனமாகச் சற்றுத் தாழ்த்தி வைத்திருப்பார். 1962-ல் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ தம் கணவருடன் சேர்ந்து கண்டறிந்த ட்ரானெக்ஸாமிக் அமிலம் இன்று தாடை ஆபரேஷனிலும் ரத்தப்போக்கைக் குறைக்க உதவுகிறது. தொண்டையில் துணியைத் திணித்து ரத்தம் இறங்காமல் தடுப்பது பழைய வழக்கம். ஆனால் அது வாந்தியைக் குறைப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை; எடுக்க மறந்தால் மூச்சே அடைபடும். 2018-ல் பிரிட்டன் மருத்துவச் சங்கங்கள், மயக்கவியல் மருத்துவர்கள் வழக்கமாக இதைச் செய்ய வேண்டாம் என்று கூறின. வைத்தே ஆக வேண்டும் என்றால், வைத்ததையும் எடுத்ததையும் எழுதி வைக்க வேண்டும்.

வலிக்கும் மாற்று வழி உண்டு. தாடை நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் போன்றவற்றைச் சேர்த்தால் மார்ஃபின் தேவை குறையும். நம் மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் ட்ரமடாலும் குமட்டலைக் கொண்டுவரும் மருந்து என்பதை மறக்கக் கூடாது.

வாயைக் கட்டியிருக்கும்போது வாந்தி வந்தால்?

குடும்பங்களை மிகவும் பயமுறுத்தும் கேள்வி இது. முன்பெல்லாம் இரண்டு தாடைகளையும் கம்பியால் பிணைத்து ஆறு வாரம் வைத்திருப்பார்கள். 1970-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மாக்ஸிம் ஷாம்பி போன்றோர் வளர்த்தெடுத்த சிறு உலோகத் தகடுகள் இதை மாற்றிவிட்டன. எலும்பைத் தகடும் திருகும் பிடித்துக்கொள்வதால், இன்று பலருக்குத் தளர்வான ரப்பர் பட்டைகள் மட்டுமே போதும். சில முறிவுகளுக்கு மட்டும் இன்னும் கம்பி தேவைப்படுகிறது.

வாந்தி வந்தால் பதற வேண்டாம். உடனே எழுந்து உட்கார வையுங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலையை முன்னால் குனியச் செய்யுங்கள். நீர் உணவுதான் உள்ளே போயிருக்கும் என்பதால், பற்களின் இடைவெளி வழியாகவும் கடைசிப் பல்லுக்குப் பின்னாலிருந்தும் வெளியேறிவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து மார்பைத் தடவிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கம்பி கட்டியிருந்தால், அதை வெட்டும் கருவி தலைமாட்டில் இருக்க வேண்டும். எந்தக் கம்பியை எங்கே வெட்டுவது என்று நர்ஸிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் என்றால் கத்தரிக்கோல். மூச்சுத் திணறினால் தயங்காமல் வெட்டலாம்; திரும்பக் கட்டிக்கொள்ளலாம், போன மூச்சைத் திரும்பப் பிடிக்க முடியாது.

முதல் நாள் வாந்தியில் காப்பித்தூள் நிறத்தில் வருவது பெரும்பாலும் விழுங்கிய பழைய ரத்தம். புது ரத்தம் சிவப்பாகத் தொடர்ந்து வந்தாலோ, இரண்டாம் நாளும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

டிஸ்சார்ஜ் ஆன அன்று குலுங்கும் ஆட்டோவில் கோரிமேட்டிலிருந்து பிள்ளைச்சாவடி வரை ஒரே மூச்சில் வருவதைத் தவிர்த்து, காரின் முன்சீட்டில் அமர்ந்து மெதுவாக வாருங்கள். தலையை முப்பது டிகிரி உயர்த்திப் படுக்கட்டும்.

எதையாவது குடிக்க வைத்துவிட வேண்டும் என்ற பாசத்தில் ஒரு டம்ளர் பாலை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். சிறுசிறு மிடறாக, பத்து நிமிட இடைவெளியில் தண்ணீர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். வயிறு தாங்கினால் கஞ்சித் தண்ணீர், மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய கேழ்வரகுக் கூழ், மிளகு காரமில்லாத மீன் சாறு. சூடாக வேண்டாம், ஆறியிருக்கட்டும். டாக்டர் அனுமதிக்கும்வரை உறிஞ்சுகுழல் வேண்டாம். உறிஞ்சும் விசை காயத்தை இழுத்துக் கசிவை உண்டாக்கும். வாயில் ஊறும் ரத்தத்தை விழுங்காமல் துடைத்துவிட வேண்டும்.

மாத்திரையையும் கவனியுங்கள். மெட்ரோனிடசோலும் அமாக்சிசிலின் கிளாவுலனேட்டும் வெறும் வயிற்றில் குமட்டும். கொஞ்சம் கஞ்சிக்குப் பிறகு கொடுங்கள். பொடித்துக் கொடுக்கலாமா, சிரப்பாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. ஆன்டன்செட்ரான், வாயில் வைத்தால் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. வீட்டுக்குப் போகும்போது சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லலாம்.

மணிக்கட்டின் உள்பக்கம், மடிப்புக்கோட்டுக்கு மூன்று விரற்கடை மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே அழுத்துவது குமட்டலைக் குறைக்கிறது என்று 2015-ல் 59 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. செலவில்லாத துணை, மருந்தோடு சேர்த்துச் செய்யலாம்.

மயக்கவியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• எனக்கு பஸ்ஸில் குமட்டும்; முந்தைய ஆபரேஷனில் வாந்தி வந்தது. என் மதிப்பெண் என்ன?

• எத்தனை வகைத் தடுப்பு மருந்து தரப்போகிறீர்கள்? ரத்தக்குழாய் வழி மயக்கம் சாத்தியமா?

• தண்ணீர் எப்போது வரை குடிக்கலாம்? (திட உணவை ஆறு முதல் எட்டு மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும் என்பதுதான் இன்றைய பொதுவான விதி. உங்களுக்கு எது பொருந்தும் என்று கேளுங்கள்.)

• ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றிலிருக்கும் ரத்தத்தை உறிஞ்சி எடுப்பீர்களா?

• மார்ஃபினும் ட்ரமடாலும் இல்லாமல் வலியைச் சமாளிக்க முடியுமா?

• வாந்தி வந்தால், அடுத்து எந்த வேறு வகை மருந்து?

இந்தக் கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் இவற்றை வரவேற்பார். மருத்துவமனைகளும் இன்னொரு படி முன்னே வர வேண்டும். ரத்த வகையையும் சர்க்கரை அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுவதுபோல, இந்த நான்கு கேள்வி மதிப்பெண்ணையும் எழுதட்டும். மூன்றோ நான்கோ பெறுபவருக்கு முழுத் தடுப்புத் திட்டமும் தானாகவே தொடங்கட்டும். தாடையைச் சரிசெய்து அழகான கடியைத் தரும் திறமை நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்தத் திறமையோடு இந்த ஒழுங்கும் சேர்ந்தால், கண் விழிக்கும் முதல் மணி நேரத்தையும் நோயாளி நிம்மதியாகக் கடப்பார். அதற்கான மருந்தும் அறிவும் கையில் இருக்கும்போது, “கொஞ்சம் வாந்தி வரத்தான் செய்யும்” என்ற சமாதானத்தை டாக்டரும் சொல்ல வேண்டாம், நாமும் ஏற்க வேண்டாம்.